வீட்டு பிளக்கில் கார் சார்ஜ்: சுடுகிறதா, சிவப்பு எரிகிறதா, பாதியில் நிற்கிறதா?

மின்சார கார் வாங்கும்போது கூடவே ஒரு கேபிள் தருவார்கள். ஒரு முனையில் காரில் செருகும் கன், இடையில் ஒரு சின்னப் பெட்டி, மறுமுனையில் பெரிய மூன்று பின் பிளக். அதை வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பவர் பாயின்டில் செருகினால் சார்ஜ் ஏறும் என்று ஷோரூமில் சொல்வது சரிதான், ஆனால் அந்த பாயின்டுக்குப் பின்னால் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது, எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மதுரையிலும் சுற்றுவட்டத்திலும் தெரிந்தவர்கள் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற பிரச்சினைகளை, என்ன அறிகுறி தெரிகிறது என்பதை வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். கார் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும், 230 வோல்டில் அது 14, 15 ஆம்பியர். கீசரும் 2 கிலோவாட் இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் ஆஃப் செய்துவிடுவோம். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நின்று நின்று எரியும், ஏசி கம்ப்ரஸரும் அப்படித்தான். கார் ஒன்றுதான் ராத்திரி பத்து மணிக்குப் பிடித்தால் விடிகிற வரைக்கும் ஒரே சீராக அவ்வளவு கரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக ஒன்றும் ஆகாத பாயின்ட், கார் வந்த மாதத்தில் கருகுவது இதனால்தான். காரில் கோளாறு இருக்காது, வயரிங்கில் எங்கோ இருந்த பலவீனம் இப்போது வெளியே தெரிகிறது.

எதைப் பார்த்தாலும் முதலில் இப்படி நிறுத்துங்கள்

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பிளக்கை அப்படியே உருவாதீர்கள், 15 ஆம்பியர் ஓடும்போது உருவினால் உள்ளே தீப்பொறி அடித்து பின் கருகும். முதலில் காரிலோ மொபைல் ஆப்பிலோ சார்ஜை நிறுத்துங்கள், அப்புறம் கன்னைக் கழற்றுங்கள், அப்புறம் சுவிட்ச், கடைசியாக பிளக். போடும்போது இதற்குத் தலைகீழ்: பிளக், சுவிட்ச், பெட்டியில் பச்சை வந்ததா என்று பார்த்துவிட்டு கன்.

புகை, கருகல் வாடை, காரைத் தொட்டால் சுரீர் என்பது, இந்த மூன்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன வரிசை வேண்டாம். பிளக்கிடம் போகாமல் நேராக மெயின் போர்டுக்குப் போய் எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) இறக்குங்கள். தீ தெரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-க்கு அழையுங்கள்.

பிளக் சுடுகிறது

சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, புறங்கையால் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பயமில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அந்த பாயின்டில் சார்ஜ் வேண்டாம். பாயின்டின் முகத்தில் பழுப்புக் கறை, ஓட்டை லேசாக உருகியிருப்பது, பிளக் ஆடுவது, இவையெல்லாம் அதே நோயின் அடுத்த கட்டம்.

காரணம் அநேகமாக ஒரு லூஸ் கனெக்‌ஷன்தான். செல்லூரில் ஒரு வீட்டில் எலக்ட்ரீசியன் மெயினை இறக்கிவிட்டு பாயின்டைக் கழற்றினார். ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற வயரின் டெர்மினலில் இருந்த திருகு கருத்துப்போய் கிடந்தது. வயரின் தோலை உரிக்கும்போதே பாதி இழைகளை வெட்டிவிட்டு, மீதி இழைகளை மட்டும் திருகுக்கு அடியில் சொருகியிருக்கிறார்கள். மேல் தோல் ஒரு விரல்கடை நீளத்துக்குப் பொரிந்து, தொட்டதும் உதிர்ந்தது. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் பக்கம் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரே பாயின்டில் ஒரு பக்கம் மட்டும் கருகினால் கனெக்‌ஷன்தான் குற்றவாளி, லோடு இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

கணக்கு எளிது. கனெக்‌ஷனில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னை பாயின்டுக்குள் சொருகி ராத்திரி முழுக்க விட்டதுபோல. அதே இடத்தில் 10 ஆம்பியர் ஓடினால் சூடு பாதிக்கும் கீழே வந்துவிடும், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால் காரிலோ பெட்டியிலோ கரண்டைக் குறைக்கும் வசதி இருந்தால், எலக்ட்ரீசியன் வந்து பார்த்துச் சரிசெய்யும் வரைக்கும் மட்டுமல்ல, அதற்கப்புறமும் குறைத்தே வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்து போகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு யூனிட்தான் செலவாகும். 10 ஆம்பியரிலேயே அது மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். தினமும் பேட்டரியை நிரப்புகிற அவசரம் யாருக்கும் இல்லை.

சரிசெய்ய என்ன வேண்டும்? கருகிய பாயின்டைத் துடைத்துத் திருகை இறுக்கினால் போதாது, ஒருமுறை சூடான பித்தளை தன் பிடியை இழந்திருக்கும், தூக்கி எறிந்துவிட்டு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள். கருகிய வயரை நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டிவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். பிளக் பின்னிலும் கறை இருந்தால் கேபிளை சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள், கருகிய பின் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். பிளக்கை வெட்டி வேறு பிளக் மாட்டுவது மட்டும் வேண்டாம், சில கேபிள்களில் அதற்குள்ளே சூடு பார்க்கும் சென்சார் இருக்கிறது.

நிரந்தரமாகச் செய்வதென்றால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், இடையில் ஜாயின்ட் இல்லாமல், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் உடனே விழுகிற சுவிட்ச்). வீட்டுக்குள் லைட்டுக்கு ஓடுகிற 1 ஸ்கொயர் எம்எம் வயரில் எவனோ ஒரு பவர் பாயின்டைத் தொங்கவிட்டிருப்பான், அது ரொம்ப சகஜம். போர்டிலிருந்து கேட் வரை 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த மெல்லிய வயரில் 15 ஆம்பியர் போகும்போது சுமார் 16 வோல்ட் வழியிலேயே போய்விடும், 240 வாட் சூடு சுவருக்குள் இறங்கும். 4 ஸ்கொயர் எம்எம்மில் இழப்பு 4 வோல்ட்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மாடியிலிருந்து ஜன்னல் வழியாக இறக்கி, மிச்சத்தைச் சுருட்டி வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியே இல்லை. பெரிய பின்னைச் சின்ன 6 ஆம்பியர் பாயின்டில் செருக விற்கிற கன்வெர்ட்டரும் அதே ரகம். கேபிள் எட்டவில்லை என்றால் பாயின்டைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெட்டியும் பிளக்கில் தொங்கக் கூடாது, அதன் கனமே பிளக்கைக் கீழே இழுத்து லூஸ் ஆக்கும். சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு, எர்த் ஃபால்ட்

கார் வாங்கிய முதல் நாளே பாதிப் பேரைத் திணறடிப்பது இதுதான். பெட்டி கரண்டை விடுவதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு. வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுகிறதே என்றால், அவையெல்லாம் எர்த் இருக்கிறதா என்று கேட்பதில்லை, கார்தான் கேட்கிறது.

முதலில் அந்த பாயின்டின் வலது ஓட்டையில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். எர்த் ஓட்டை மேலே இருக்கும்போது வலதுபக்கம் ஃபேஸ், இடதுபக்கம் நியூட்ரல். மாறியிருந்தால் சில பெட்டிகள் அதற்கே சிவப்பு காட்டும், எலக்ட்ரீசியனுக்கு ஐந்து நிமிஷ வேலை.

அது சரியாக இருந்தால் பிரச்சினை எர்த்திலேயேதான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த் செத்துவிட்டது, அல்லது நியூட்ரல் லூஸாக இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டிவிட்டது, எனவே எர்த் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 230 காட்டிவிடும். நல்ல எலக்ட்ரீசியன் எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று அளந்து சொல்வார், 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. சிலர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் பல்பு போட்டுப் பார்ப்பார்கள். ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் அது உடனே விழும், எர்த் மோசமாக இருக்கிற வீட்டில் அந்த நேரத்துக்கு ஃபிரிட்ஜ், கிரைண்டர் பாடியெல்லாம் ஷாக் அடிக்கும். வீட்டுக்காரர் செய்கிற சோதனை இல்லை அது.

பழைய வீடுகளில் எர்த் எங்கே போகிறது என்று தேடிப்போனால் பல நேரம் குழாயில்தான் முடியும். அந்தக் காலத்து ஜிஐ தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றிவிட்டிருப்பார்கள், பிறகு பிளம்பர் வந்து குழாயையெல்லாம் பிவிசியாக மாற்றியிருப்பார், அத்தோடு வீட்டு எர்த் போச்சு, யாருக்கும் தெரியாது. எர்த் குழி இருக்கிற வீட்டிலும் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள், கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். மேலூர் பக்கம் பாறை நிலம், இரண்டடிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது என்று அரைகுறையாக அடித்துவிட்டுப் போன குழிகளும் உண்டு. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த் தடை ஏறும், அதனால்தான் மார்கழியில் பச்சை காட்டிய பெட்டி கோடையில் சிவப்பு காட்டுகிறது. அப்படியானால் குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பச்சை வந்தால் குழி பலவீனம் என்று தெரிந்துவிட்டது, புதுக் குழி போடும் நேரம் வந்துவிட்டது. சுமார் 2.5 மீட்டர் ஜிஐ பைப், கரி, உப்பு என்று போடுவது பழைய முறை, இப்போது உப்புக்குப் பதில் கெமிக்கல் பவுடர் போடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் சரி, தண்ணீர் ஊற்ற மூடியும் வழியும் விட்டுக் கட்டுங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். "எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு லூப் போட்டு விட்டுட்டா பச்சையாயிரும்ணே, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் அப்படிச் செய்த பாயின்டைத் திறந்து பார்த்தோம், இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர்த் துண்டு, அவ்வளவுதான். பெட்டி ஏமாந்து பச்சை காட்டும், காரும் ஏறும். ஆனால் அந்தத் துண்டின் வழியாக நியூட்ரல் நேராகக் காரின் பாடியோடு இணைந்துவிட்டது. நாளைக்கு போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தாலோ, மீட்டரில் லூஸானாலோ, ஃபேஸிலிருந்து வருகிற கரண்ட் காருக்குள் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் பின்னில் நின்று, அந்தத் துண்டின் வழியாகக் கார் பாடிக்கு 230 வோல்டைக் கொண்டுவந்து சேர்க்கும். காற்று மழையில் லைன் அறுந்து, திரும்பக் கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிவிட்டாலும் அதே கதைதான். ஈரத் தரையில் செருப்பில்லாமல் ஒரு குழந்தை கதவைத் தொட்டால் போதும். ஆர்சிசிபியும் இல்லாத வீடு என்றால் தடுக்க ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று சந்தேகம் இருந்தால், மெயினை இறக்கிவிட்டு பாயின்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள், எர்த் போடும் வரை வெளியே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சின்னக் காரணம்: கரண்ட் போய் இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ ஓடும்போது மட்டும் சிவப்பு வந்தால், அவற்றின் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, பெட்டிக்கு எர்த் இல்லாததுபோலத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டர் அந்த லோடைத் தாங்கவும் தாங்காது. கார் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கவே கூடாது.

எம்சிபி விழுகிறது

போட்ட உடனே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் அது சூட்டில் விழுகிறது. 16 ஆம்பியர் எம்சிபி என்பது 30 டிகிரி வெப்பத்துக்கு அளந்தது, கத்திரி வெயிலில் மேற்குச் சுவரில் இருக்கும் போர்டுக்குள் அதைவிட எவ்வளவோ ஏறும், அதனால் 15 ஆம்பியரிலேயே விழும். 20 ஆம்பியர் எம்சிபி போடலாம், ஆனால் வயர் 4 ஸ்கொயர் எம்எம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான். மெல்லிய வயரில் பெரிய எம்சிபியை மாட்டினால், எம்சிபிக்குப் பதில் வயர் எரியும். எம்சிபியின் திருகு லூஸாக இருந்தாலும் இதே அறிகுறி வரும், முதலில் அதை இறுக்கிப் பாருங்கள், அதுவும் மெயினை இறக்கிவிட்டு.

ஆர்சிசிபி விழுகிறது

வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால், ஃபிரிட்ஜ், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் கசிகிற கொஞ்சம் கொஞ்சம் கரண்ட் சேர்ந்து, கார் போட்டதும் 30 மில்லி ஆம்பியர் எல்லையைத் தாண்டலாம். மற்ற எம்சிபிகளை இறக்கிவிட்டு கார் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது விழவில்லை என்றால் கார் குற்றவாளி இல்லை, தனி ஆர்சிசிபி போட்டால் தீரும். காருக்கு வாங்கும்போது டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள், கடையில் சாதாரணமாக எடுத்து நீட்டுவது டைப் ஏசி, காரிலிருந்து கசியக்கூடிய சில வகைக் கரண்டை அது பார்க்காது. தனி ஆர்சிசிபி போட்ட பிறகும் விழுகிறதென்றால் நியூட்ரலை வேறு லைனோடு சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கேபிளையும் காரையும் சர்வீஸில் காட்டுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும்.

காலையில் பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கிறது

காரில் டைமரோ, 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கோ போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், நிறைய முறை அதுதான். ராத்திரி கரண்ட் போய் வந்திருந்தால் சில கார்கள் தானாகத் திரும்ப ஆரம்பிக்காது. பெட்டி வெயிலில் காய்ந்த சுவரில் இருந்தால் சூட்டில் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும், நிழலில் மாட்டுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் வோல்டேஜ். உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் நன்றாக இறங்கும், நடுராத்திரி லோடு இல்லாதபோது 250-க்கு மேல் ஏறவும் செய்யும், இரண்டுக்கும் பெட்டி நிற்கும். நின்ற நேரத்தில் பாயின்டில் எத்தனை வோல்ட் இருந்தது என்று இரண்டு மூன்று நாள் குறித்துவையுங்கள். சார்ஜ் போடாதபோதே குறைவாக இருந்தால் அது லைன் பிரச்சினை, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் கொடுங்கள், குறித்த எண்களைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சார்ஜ் போட்டதும் மட்டும் இருபது வோல்ட் விழுந்தால் உங்கள் வயரோ கனெக்‌ஷனோதான். ஏசிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரை இதற்கு இழுத்து மாட்டாதீர்கள், எட்டு மணி நேரம் விடாமல் இந்த லோடு கொடுத்தால் அது வேகும். தோட்டத்து இலவச மின்சார இணைப்பிலிருந்து சார்ஜ் போடுவதும் கூடாது, அது பம்ப்செட்டுக்கு மட்டும் கொடுத்தது.

சார்ஜ் போட்டதும் லைட் மங்குகிறது

லேசாக மங்கினால் வயர் மெல்லியது. நன்றாக மங்கினால் மீட்டரிலோ போஸ்ட்டிலோ லூஸ். ஆனால் த்ரீ ஃபேஸ் வீட்டில் சில லைட் மங்கி, வேறு சில லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. டிவி, ஃபிரிட்ஜுக்கெல்லாம் 300 வோல்டுக்கு மேல் போகலாம். மின்வாரிய ஆள் வந்து பார்த்த பிறகுதான் திரும்ப ஏற்ற வேண்டும்.

மழை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சார்ஜ் போடலாமா என்று கேட்கிறார்கள். கன்னும் காரின் சாக்கெட்டும் மழையைத் தாங்குகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள், பயப்பட வேண்டியது சுவர்ப் பக்கத்து பிளக்குக்குத்தான். வெளிச்சுவர் என்றால் மூடி உள்ள பெட்டிக்குள் பாயின்ட் இருக்க வேண்டும், வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் அதைவிட நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். கேபிள் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. கன்னுக்குள் தண்ணீர் போய்விட்டால் குலுக்கி வடித்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். இடி மின்னல் பலமாக இருந்தால் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

மீட்டர் பக்கத்து ஃபியூஸ் போகிறது

வீட்டுக்குள் எதுவும் விழாமல் மீட்டர் பெட்டியில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் மட்டும் போனால், வீட்டின் மொத்த லோடு இணைப்புக்கு மேலே போகிறது. ஏசியும் காரும் ஒரே நேரத்தில் ஓடினால் மட்டும் போகிறதா என்று கவனியுங்கள், அப்படியென்றால் சார்ஜை ராத்திரி 12 மணிக்கு மேல் டைமரில் போட்டுச் சமாளிக்கலாம். தடித்த கம்பியைக் கட்டிவிடுவது மட்டும் வேண்டாம், அடுத்துச் சூடாவது போஸ்ட்டிலிருந்து வருகிற சர்வீஸ் வயர். கணக்கில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள், கார் ஒன்றே 3.3 சேர்க்கிறது, எனவே கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். த்ரீ ஃபேஸ் வீடு என்றால், மோட்டாரும் ஏசியும் இல்லாத ஃபேஸ் எது என்று எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லி, கார் லைனை அதில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.